ஏசி அரை மணித்தியாலம் குளிருது, மறுகா வெறும் காத்து – காஸ் பிரச்சினையா, வேற ஏதுமா?

நாவற்குடாக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கார் டொயோட்டா கரோலா 121, 2004ஆம் ஆண்டு மொடல். வெளிக்கிட்ட உடனே ஏசி நல்லாக் குளிருது. அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் ஓடினாப் பிறகு ஒரேயடியா வெறும் காத்துத்தான் வருது. காத்தின்ட வேகம் குறையிறல்ல, குளிர்தான் இல்ல. ஏசிய நிப்பாட்டி, கொஞ்ச நேரம் பொனட்டத் திறந்து விட்டுட்டுத் திரும்பப் போட்டா மறுபடி குளிரும். கல்முனை டவுனுக்குள்ள பஸ்ஸுக்குப் பின்னால மாட்டிக்கிட்டா கட்டாயம் வரும். காலையில வெயிலுக்கு முதல் ஓடினா பெரும்பாலும் வராது.

போன வருசமும் காஸ் அடிச்சன். இந்த வருசம் கச்சான் காத்து தொடங்கின கையோட இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோனன். ஆக்களும் "காஸ் குறைஞ்சிருக்கு" எண்டு சொல்லி அடிச்சுத் தந்தாங்க. கொஞ்ச நாள் நல்லா இருந்த மாதிரி இருந்திச்சு, மறுகா அதே கதை. இப்ப "கொம்பிரசர் மாத்தணும்" எண்டு சொல்றாங்க. திருக்கோவில்ல இருந்து அம்மாவ ஒவ்வொரு மாதமும் கிளினிக்குக் கூட்டிவாறது இந்தக் கார்லதான். அவவுக்கு மூச்சு வருத்தம் இருக்கு, புழுக்கத்துல இருக்க ஏலாது. காசு செலவழிக்கிறதுக்கு முதல் இது என்னெண்டு விளங்கிக்கொள்ள வேணும். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.


ஏறாவூர் வான் சாரதி:

தம்பி அது காஸ் லீக்தான். எனக்கும் இப்படித்தான் வந்திச்சு. இன்னொருக்கா அடிச்சுப் பாருங்க, அப்பவும் வந்தா கொம்பிரசர்.


சாய்ந்தமருது ஏசி வேலை:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எனக்கு இதுதான் தொழில். தம்பி, தயவுசெய்து இன்னொருக்கா காஸ் அடிக்க வேணாம். கொம்பிரசரும் இப்ப வாங்க வேணாம். நீங்க எழுதினதுலயே பாதி விடை இருக்கு.

முதல்ல ஒரு விசயம். ஏசிக்குள்ள இருக்கிற காஸ் பெற்றோல் மாதிரி எரிஞ்சு முடியிற சாமான் இல்ல. ஒரு குழாய்க்குள்ளயே ஆவியாகி, திரவமாகி, திரும்பத் திரும்பச் சுத்திக்கிட்டு இருக்கும். றப்பர் ஹோஸ் வழியா வருசக்கணக்குல துளித் துளியாக் கசியிறது உண்மைதான். ஆனா வருசா வருசம் அடிக்க வேண்டி வந்தா எங்கயோ ஓட்டை இருக்கு, இல்லாட்டி தேவையில்லாம அடிக்கிறாங்க. ஓட்டையத் தேடாம காஸ் அடிக்கிறது வாடிக்கையாளருக்குச் செய்யிற அநியாயம். அதுவும் இந்த ஆர்-134ஏ காஸ் காத்துல போனா, ஒரு கிலோ 1430 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமான சூட்டை உண்டாக்கும். இது நம்மட வானம், நம்மட பிள்ளைகளுக்கான வானம்.

காஸ் குறைஞ்ச கார் காலையில நல்லாக் குளிர்ந்து, மத்தியானம் ஒரேயடியா நிண்டு, ஆறவிட்டா திரும்ப நல்லாக் குளிர்றது மிக அரிது. காஸ் குறைஞ்சா எந்த நேரமும் குளிர் மட்டமாத்தான் இருக்கும். உங்கட காரில குளிர் ஒரு சொடுக்குல நிக்கிது, ஆறினா திரும்ப வருது. சூடேறினா விட்டுப்போற ஒரு சாமான் இருக்கு எண்டுதான் அதுக்கு அர்த்தம். அது என்னெண்டு வேலைத்தலத்துக்குப் போகாமலே நீங்க பாதி கண்டுபிடிக்கலாம். அடுத்த முறை குளிர் நிண்ட உடனே காரை ஓரமா நிப்பாட்டுங்க. எஞ்சினையும் ஏசியையும் நிப்பாட்ட வேணாம். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பொனட்டத் திறந்து மூண்டு விசயம் பாருங்க.

ரேடியேற்றருக்குப் பின்னால இருக்கிற ஃபேன் சுத்துதா? ஏசி போட்டா அது சுத்தியே ஆகணும். சுத்தாட்டி, நிண்ட இடத்துல சூடேறும், ஓட்டத்துல குளிரும்.

காஸை அமுக்கித் தள்ளுற பம்ப்தான் கொம்பிரசர். அதின்ட முன்பக்கத்தைப் பாருங்க. பெல்ட் ஓடுற புல்லி எப்பவும் சுத்தும், அத விடுங்க. அதுக்கு நடுவுல ஒரு தட்டு இருக்கு. அந்தத் தட்டும் சேர்ந்து சுத்துதா, சும்மா நிக்குதா?

மூண்டாவது, ஃபயர்வோலுக்குள்ள (எஞ்சினுக்கும் ஆக்கள் இருக்கிற பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற தகடு) போற ரெண்டு அலுமினியம் குழாயில தடிச்ச குழாயத் தொட்டுப் பாருங்க. அது குளிர்ந்து வேர்த்திருக்கணும். மெல்லிய குழாய் சூடா இருக்கும், அதைக் கவனமாத் தொடுங்க.

சேலை, முந்தானை, தொங்குற சங்கிலி ஒண்டும் பெல்ட்டுக்குக் கிட்டப் போகக் கூடாது. பார்த்துட்டு வந்து எழுதுங்க.


செங்கலடி வயரிங்:

நானா சொல்றது சரி. நான் ஒண்டு சேர்க்கிறன். பொனட்டுக்குள்ள இருக்கிற பியூஸ் பெட்டியில ஏசி ரிலே இருக்கும், கரண்டைப் போட்டு நிப்பாட்டுற சின்னப் பெட்டி அது. அதே நம்பர் உள்ள வேற ரிலே பக்கத்துல இருந்தா, ஹோர்ன் ரிலே மாதிரி, ரெண்டையும் மாத்திப் போட்டுப் பாருங்க. பழைய ரிலே சூடேறினா உள்ளுக்குள்ள முனை பிடிக்காம விடும். காசு செலவில்லாத சோதனை.


நாவற்குடாக்காரன்:

நானா, அண்ணன், ரெண்டு பேருக்கும் நன்றி. இண்டைக்கு மத்தியானம் களுவாஞ்சிக்குடி மட்டும் போய்த் திரும்பி வந்தன். ஆரையம்பதி தாண்டக்குள்ள குளிர் நிண்டிச்சு. உடனே ஓரமா நிப்பாட்டிப் பார்த்தன்.

ஃபேன் ரெண்டும் நல்லா சுத்துது. புல்லி சுத்துது, நடுத்தட்டு சுத்துறல்ல. சும்மா நிக்குது. தடிச்ச குழாய் சூடும் இல்ல, குளிரும் இல்ல. பொனட்டைத் திறந்தபடியே பார்த்துக்கிட்டு நிண்டன். கொஞ்சத்தால "டக்" எண்டு ஒரு சத்தம், தட்டு பிடிச்சு சுத்தத் தொடங்கிச்சு. கொஞ்ச நேரத்துல குழாயில வேர்வை வந்திச்சு.

ரிலேயையும் ஹோர்ன் ரிலேயோட மாத்திப் போட்டுத்தான் திரும்பி வந்தன். கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட மறுபடி அதே மாதிரி நிண்டிச்சு. ஹோர்ன் ஒழுங்கா அடிக்குது. அப்ப ரிலே இல்ல எண்டு எடுக்கலாமா?


சாய்ந்தமருது ஏசி வேலை:

ரிலேய ஒதுக்கி வைக்கலாம். தம்பி, இப்ப நாம நல்ல இடத்துக்கு வந்திட்டம்.

அந்த நடுத்தட்டுத்தான் கிளச் தட்டு. அதுக்குப் பின்னால ஒரு மின்காந்தச் சுருள் இருக்கு. கரண்ட் வந்தா சுருள் காந்தமாகி, தட்டை இழுத்து புல்லியோட ஒட்டும், கொம்பிரசர் ஓடும். கரண்ட் நிண்டா தட்டு விலகும். ஓடாத நேரத்துல தட்டுக்கும் புல்லிக்கும் நடுவுல ஒரு மெல்லிய இடைவெளி இருக்கும். இந்த வகைக் கொம்பிரசர்கள்ல பெரும்பாலும் அரை மில்லிமீற்றர் அளவு. வண்டிக்கு வண்டி கொஞ்சம் வித்தியாசப்படும், அந்தந்தக் காரின்ட புத்தகத்துல சரியான அளவு இருக்கும்.

இருவது வருசம் தட்டு ஒட்டி, விலகி, ஒட்டி, விலகித் தேயும். இடைவெளி கூடிக்கிட்டே போகும். மறுபக்கம் சூடு. சுருள் செப்புக் கம்பி. செப்புக்கு ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் தடை நூத்துக்கு 0.39 கூடும். காலையில 30 பாகையில இருந்த சுருள், பொனட்டுக்குள்ள 110 பாகைக்கு ஏறினா தடை மூண்டிலொரு பங்கு அளவு கூடிப்போகும், கரண்ட் கால்வாசி குறையும். காந்தத்தின்ட இழுப்பு அதை விடவும் கூடக் குறையும், ஏனெண்டா இழுவை கரண்ட்டின்ட வர்க்கத்தோட போறது. தூரம் கூடின தட்டு, பலம் குறைஞ்ச காந்தம். ஏசி தன்னால ஒருக்கா நிண்டு திரும்ப இழுக்கப் பார்க்கக்குள்ள காந்தத்துக்கு ஏலாமப் போகுது. ஆறினா ஏலுது. நீங்க கேட்ட "டக்" அதுதான்.

இப்படி நிக்கக்குள்ள நாலு காரணம் இருக்கலாம். இடைவெளி கூடினது ஒண்டு. சுருள் சூட்டுல அறுகிறது ஒண்டு. சில சுருளுக்குள்ள சூட்டுப் பியூஸ் இருக்கும், அது திறக்கும். சுருளுக்குக் கரண்டே வராம நிக்கிறது ஒண்டு. கடைசி, வயர்ல எங்கயோ வோல்ற் குறைஞ்சு வாறது. முதலாவது எண்டா கொம்பிரசரைக் கழட்டாமலே, காஸை வெளிய விடாமலே திருத்தலாம். அதுக்காகத்தான் அளந்து பார்க்கச் சொல்றன். "கொம்பிரசர் மாத்து" எண்டு சொன்னவங்க அளந்தாங்களா எண்டு ஒருக்கா கேளுங்க.


ஏறாவூர் வான் சாரதி:

அப்ப காஸ் அடிச்ச உடனே நல்லா இருந்திச்சு எண்டு சொன்னாரே, அது எப்படி?


சாய்ந்தமருது ஏசி வேலை:

நல்ல கேள்வி. காஸ் அடிக்க வாகனம் நிழல்ல மணிக்கணக்கா நிக்கும், சுருள் ஆறும், வேலை முடிய குளிரும். ஆளும் சந்தோசமாக் காசைக் குடுத்துட்டுப் போவார். ஆனா இதுல ஒரு கெடுதியும் இருக்கு. நிறுத்துப் பார்க்காம மேலதிகமா அடிச்சா உயர் அழுத்தப் பக்கம் ஏறும். கொம்பிரசரைச் சுத்திறதுக்குப் பாரம் கூடும். பாரம் கூடினா தேய்ஞ்ச கிளச் வழுக்கும், வழுக்கினா சூடேறும், சூடேறினா இழுப்பு இன்னும் குறையும். இல்லாத வருத்தத்துக்குக் குடுத்த மருந்து இருக்கிற வருத்தத்தைக் கூட்டிப்போடும்.


செங்கலடி வயரிங்:

தம்பி, அளக்கிற விதம் நான் சொல்றன். இதுல கன பேர் பிழை விடுற இடம் ஒண்டு இருக்கு. கிளச் சுருளுக்குப் போற வயரின்ட சொக்கற்றைக் கழட்டிப்போட்டு டெஸ்ட் லாம்ப் பிடிச்சு, லாம்ப் எரியுது, அப்ப கரண்ட் வருது எண்டு முடிவெடுக்கக் கூடாது. லாம்ப் இழுக்கிறது சொற்பக் கரண்ட். கறுத்துப்போன வயர் முனை வழியாவும் அது எரியும். கிளச் மூண்டு நாலு அம்பியர் இழுக்கும், அந்தப் பாரம் வந்த உடனே அதே முனையில வோல்ற் விழுந்துபோகும்.

அதனால சொக்கற் கொழுவினபடி இருக்க வேணும். குளிர் நிண்ட நேரத்துல, சொக்கற்றின்ட பின்பக்கத்தால மல்டிமீற்றர் முள்ளை வயரோட உரசுற மாதிரி உள்ள விட்டு, மற்ற முள்ளை பற்றரியின்ட நெகற்றிவ்ல வைச்சு அளங்க. எஞ்சின் ஓடக்குள்ள பற்றரியில 13.8, 14 வோல்ற் இருக்கும். கிளச்சில அதை விட அரை வோல்ற்றுக்கு மேல குறையக் கூடாது. பிறகு எஞ்சினை நிப்பாட்டி, சூடு ஆறுறதுக்கு முதலே சொக்கற்றைக் கழட்டி சுருளின்ட தடையை அளங்க. முடிவில்லாத் தடை காட்டினா சுருள் போச்சு. நாலு, அஞ்சு ஓம் காட்டினா சுருள் உயிரோட இருக்கு. ஆறின பிறகு அளந்தா ஒண்டும் தெரியாது.

கடலோரத்துல ஓடுற வாகனத்துல சொக்கற்றுக்குள்ள பச்சைப் பூஞ்சணம் மாதிரி படிஞ்சிருக்கும். உப்புக் காத்து. அது இருந்தா முதல்ல அதைத் துப்பரவாக்குங்க.


வாழைச்சேனை றைடர்:

எங்கட பக்கம் ஒருத்தர் இப்படி நிண்டா நீட்டுத் தடியால தட்டை ஒரு குத்துக் குத்துவார், உடனே பிடிச்சுரும். சிலர் தண்ணியும் ஊத்துவாங்க. செய்து பார்க்கலாமா?


சாய்ந்தமருது ஏசி வேலை:

வேணாம் தம்பி. குத்தினா பிடிக்கிறது உண்மைதான், இடைவெளி கூடியிருக்கு எண்டதுக்கு அது அத்தாட்சியும்தான். ஆனா ஓடுற பெல்ட்டுக்குள்ள தடி போனா கையோட இழுத்துரும். ஒரு பொடியனின்ட விரல் போன காயத்தை இந்தக் கண்ணால பார்த்தவன் நான். சூடான சுருளுக்கும் பெயாரிங்குக்கும் தண்ணி ஊத்தினா உள்ள இருக்கிற கிறீஸ் போகும், துரு ஏறும். மீற்றர் இருக்கக்குள்ள தடி எதுக்கு?


ஆரையம்பதி டீச்சர்:

இடையில கேக்கிறதுக்கு மன்னிக்கணும். என்ட வாகன் ஆர். இவர் சொல்ற மாதிரி இல்ல, எனக்குக் காத்தே குறைஞ்சு போகுது. பாடசாலை விட்டு வரக்குள்ள முதல் நல்லாக் குளிரும், பிறகு புளோவர் சத்தம் மட்டும் கேக்கும், காத்து வாறல்ல. வீட்ட வந்து நிப்பாட்டினா காருக்குக் கீழ நிறையத் தண்ணி ஓடும். இது வேற வருத்தமா?


சாய்ந்தமருது ஏசி வேலை:

வேற வருத்தம்தான் டீச்சர். நீங்க சத்தத்தையும் தண்ணியையும் சேர்த்து எழுதினது பெரிய உதவி.

டாஷ்போர்ட்டுக்குள்ள இருக்கிற கூலிங் கொயில்ல ஐஸ் கட்டுது. காத்துப் போற இடுக்கெல்லாம் ஐஸ் அடைக்கிறதால புளோவர் கத்தும், காத்து வராது. நிப்பாட்டினா ஐஸ் உருகி அவ்வளவும் தண்ணியா ஊத்தும். முதல்ல குளோவ் பெட்டியைக் கழட்டி அதுக்குப் பின்னால இருக்கிற ஃபில்டரை இழுத்துப் பாருங்க, கன வாகனத்துல அது அங்கதான் இருக்கும். கையாலயே செய்யலாம், ஸ்பானர் தேவையில்ல. தூசியும் சருகும் அடைச்சு மண்நிறமா வந்திச்சு எண்டா புதுசு ஒண்டு போடுங்க. காத்துக் குறைஞ்சா கொயில் அளவுக்கு மிஞ்சிக் குளிர்ந்து உறையும்.

ஃபில்டர் துப்பரவா இருந்தும் உறைஞ்சா, கொயில்ல குத்தியிருக்கிற வெப்ப உணரியைப் பார்க்கணும். கொயில் பூச்சியப் பாகைக்குக் கிட்ட வரக்குள்ள கொம்பிரசரை நிப்பாட்டச் சொல்றது அதுதான். அது கெட்டா நிப்பாட்டாது. காஸ் குறைஞ்சாலும் கொயில்ல ஒரு பக்கம் மட்டும் ஐஸ் கட்டும், அதனால அதையும் அளந்து பார்ப்பம், ஆனா கடைசியா. ஐஸ் கட்டின நேரத்துல ஏசி பட்டனை மட்டும் நிப்பாட்டி புளோவரைக் கூட்டி விடுங்க, கெதியா உருகும்.

இன்னொண்டு. உங்கட கார் சந்தியில நிக்கக்குள்ள எஞ்சின் தன்னால நிக்கிற வகை. அப்ப கொம்பிரசரும் நிக்கும், காத்து கொஞ்சம் சூடாகும். அது பழுதில்ல.


அக்கரைப்பற்று வயல்காரன்:

நானாவுக்கு நன்றி, எல்லாத்தையும் வாசிச்சுக்கிட்டு இருக்கன். அறுவடை நேரம் வயலுக்குக் கார்ல போற ஆக்களுக்கு ஒரு விசயம் சொல்ல வேணும். வெட்டு மெசின் ஓடக்குள்ள பறக்கிற பதரும் வைக்கோல் தூசியும் முன்கிரில் வழியாப் போய், கண்டென்சருக்கும் (ஏசி காஸின்ட சூட்டை வெளிய விடுற முன்பக்கக் கொயில்) ரேடியேற்றருக்கும் நடுவுல ஒரு விரல் தடிப்புக்கு அடைஞ்சிருந்திச்சு எனக்கு. முன்னால நிண்டு பார்த்தா கண்டென்சர் துப்பரவாத்தான் தெரியும். மேல இருக்கிற பிளாஸ்ரிக் மூடியைக் கழட்டி ரெண்டுக்கும் நடுவுல லைற் அடிச்சுப் பார்த்தாத்தான் கம்பளிப் போர்வை ஒண்டு கிடக்கிறது தெரிஞ்சிச்சு. அதை எடுத்துக் கழுவினாப் பிறகு அம்பாறை றோட்டுல மத்தியானம் போனாலும் குளிருது. அதுக்கு முதல் சந்தையடியில நிண்டா குளிர் இல்ல, வேகமாப் போனாக் குளிரும்.


சாய்ந்தமருது ஏசி வேலை:

மாஷா அல்லாஹ், இதை எல்லாரும் வாசிக்க வேணும். நிண்டாச் சூடு, ஓடினாக் குளிர் எண்டா முதல் சந்தேகம் ஃபேன், ரெண்டாவது இந்த அடைப்பு. கழுவக்குள்ள சேர்விஸ் ஸ்ரேசன் பிரஷர் கன்னைக் கிட்டப் பிடிக்க விடாதீங்க, அந்த மெல்லிய அலுமினியத் தகடு முழுக்க மடிஞ்சுரும். வீட்டுக் குழாய்த் தண்ணி, ரேடியேற்றர் பக்கத்துல இருந்து முன்பக்கமா. பொத்துவில் தொடங்கி வாகரை மட்டும் கடலோரமா இருக்கிற ஆக்கள் உப்புக்காகவும் இப்படி அடிக்கடி கழுவணும். உப்புப் பட்ட தகடு வெள்ளைத் தூளா உதிர்ந்துபோகும். உதிர்ந்த கண்டென்சர் சூட்டை வெளிய விடாது, அதை மாத்தத்தான் வேணும்.


நாவற்குடாக்காரன்:

அளந்திட்டம். செங்கலடி அண்ணன் சொன்ன மாதிரியே, தெரிஞ்ச ஒரு வயரிங் பாஸைப் பக்கத்துல வைச்சுக்கிட்டு, சொக்கற் கொழுவினபடி. பற்றரியில 13.9, கிளச்சில 13.6. நடுத்தட்டு நிண்டபடி இருக்கக்குள்ளதான் இது. சூடா இருக்கக்குள்ள சுருளின்ட தடை 4.6 ஓம். அப்ப கரண்ட் வருது, சுருளும் அறுந்தில்ல.

பிறகு எஞ்சின் ஆறினாப் பிறகு ஃபீலர் கேஜ், அதான் இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள், விட்டுப் பார்த்தம். 0.5 தகடு சும்மா போகுது. 0.8உம் போகுது. 0.9 கொஞ்சம் இறுக்கமாப் போச்சு. பாஸ் புல்லியைக் கையால சுத்திச் சுத்தி மூண்டு பக்கமும் பார்த்தார், எல்லா இடமும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

மறுநாள் வேலை செய்தம். கீழ இருந்து தட்டின்ட நடு போல்ற்றைக் கழட்டினம். தட்டு துரு பிடிச்சு இறுகிக் கிடந்திச்சு, மெல்ல மெல்ல அசைச்சு எடுத்தார். தட்டின்ட உள்முகம் நீலம் பாரிச்சு, வட்ட வட்டமாக் கீறல் விழுந்திருந்திச்சு. வழுக்கினதுக்கு அடையாளமாம். தண்டுக்கு மேல ரெண்டு சின்ன வொஷர், ஒண்டு தடிப்பு, ஒண்டு கடதாசி அளவு மெல்லிசு. தடிச்சதை எடுத்துட்டு மெல்லிசை மட்டும் போட்டு, தட்டின்ட முகத்தை எமரித் தாளால துப்பரவாக்கித் திரும்பப் பூட்டினம். இப்ப இடைவெளி 0.45. கையால சுத்தினா உரசுற சத்தம் இல்ல.

அதோட திருக்கோவில் போய் அம்மாவை ஏத்திக்கிட்டு மத்தியான வெயில்லதான் திரும்பினன். கல்முனையில நல்ல நெருக்கடி, நிண்டு நிண்டுதான் வந்தன். குளிர் நிக்கல்ல. நானா, அண்ணன், எழுதின எல்லாருக்கும் மனசார நன்றி.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கு. ரெண்டு தரம் அடிச்ச காஸ் கூடிப்போய் உள்ள இருக்குமா? அழுத்தம் அளக்கிற கேஜ் போட்டுப் பார்த்தாத் தெரியுமா?


சாய்ந்தமருது ஏசி வேலை:

அல்ஹம்துலில்லாஹ். அம்மாவுக்கு என்ட சலாத்தைச் சொல்லுங்க.

காஸ் கூடியிருக்கா எண்டதைக் கட்டாயம் பார்க்கணும், இல்லாட்டி கிளச் திரும்பத் தேயும். கேஜைப் பத்திக் கொஞ்சம் விரிவாச் சொல்றன், ஏனெண்டா வாடிக்கையாளருக்கு முன்னால கேஜைக் காட்டி ஏமாத்திறது லேசு.

ஏசி ஓடாம, எஞ்சின் முழுக்க ஆறியிருக்கக்குள்ள கேஜ் போட்டா, தாழ் அழுத்தப் பக்கத்துக்கும் உயர் அழுத்தப் பக்கத்துக்கும் இருக்கிற ரெண்டு முள்ளும் ஒரே இடத்துல நிக்கும். 30 பாகை வெப்பத்துல ஆர்-134ஏக்கு அது 97 பிஎஸ்ஐ அளவு. இதைக் காட்டி "காஸ் நிறைய இருக்கு" எண்டு ஒருத்தர் சொன்னா நம்பாதீங்க, "குறைவு" எண்டாலும் நம்பாதீங்க. உள்ள 100 கிராம் இருந்தாலும் 400 கிராம் இருந்தாலும், கொஞ்சமாவது திரவம் இருக்கும் மட்டும் அந்த முள்ளு அதே இடத்துலதான் நிக்கும். அழுத்தம் வெப்பத்தைப் பொறுத்தது, அளவைப் பொறுத்ததில்ல. முள்ளு 97ஐ விட நல்லாக் கீழ நிண்டா திரவமே இல்ல. மேல நிண்டா உள்ள காத்து கலந்திருக்கு, இல்லாட்டி வேற காஸ் கலந்திருக்கு.

ஓடக்குள்ள பார்த்தாத்தான் மிச்சம் தெரியும். எஞ்சினை 1500 சுற்றுல வைச்சு, கதவைத் திறந்து, புளோவரை முழுசா விட்டு, எங்கட வெயில்ல தாழ்வுப் பக்கம் 30க்கும் 45க்கும் இடையில, உயர்வுப் பக்கம் 200க்கும் 250க்கும் இடையில நிண்டா நல்லது. ரெண்டும் தாழ்வா இருந்தா காஸ் குறைவு. ரெண்டும் உயர்வா இருந்தா காஸ் கூட, அல்லது கண்டென்சர் சூட்டை விடுறல்ல. தாழ்வுப் பக்கம் ஏறி உயர்வுப் பக்கம் இறங்கி ரெண்டும் கிட்ட வந்தா அப்பதான் கொம்பிரசரைக் குறை சொல்லலாம். தாழ்வுப் பக்க முள்ளு பூச்சியத்துக்குக் கீழ போய் வந்து போய் வந்து ஆடினா, உள்ள ஈரம் இருக்கு, எக்ஸ்பான்சன் வால்வுல (கூலிங் கொயிலுக்குக் காஸை விடுற சின்ன வாசல்) உறைஞ்சு அடைக்குது. அந்த வருத்தமும் விட்டு விட்டுத்தான் வரும், ஆனா கிளச் சுத்திக்கிட்டே இருக்கும்.

காஸ் கூடி உயர்வுப் பக்கம் அளவுக்கு மிஞ்சினா டொயோட்டாவில 455 பிஎஸ்ஐ அளவுல பிரஷர் சுவிச் கிளச்சை வெட்டிவிடும். காஸ் ஒழுகி 28க்குக் கீழ போனாலும் வெட்டும். வெட்டினா உங்கட மீற்றர்ல வோல்ற் வந்திருக்காது. உங்களுக்கு 13.6 வந்ததால அது இல்ல எண்டு தெரிஞ்சிச்சு.

சரியான அளவு வேணும் எண்டா ஒரே வழிதான் இருக்கு. இருக்கிறதை மெசினால உறிஞ்சி எடுத்து, வெக்கியூம் பிடிச்சு (உள்ள இருக்கிற காத்தையும் ஈரத்தையும் பம்பால இழுத்து எடுத்து), பொனட்டுக்குள்ள ஒட்டியிருக்கிற லேபிள்ல போட்டிருக்கிற கிராம் கணக்குக்குத் தராசு வைச்சு அடிக்கணும். வெளிய திறந்து விட்டுட்டு அடிக்கிற இடத்துக்குப் போகாதீங்க. வெக்கியூம் அரை மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. 30 பாகையில தண்ணி கொதிச்சு ஆவியாகணும் எண்டா உள்ள அழுத்தம் 42 மில்லிபாருக்குக் கீழ இறங்கணும். தேய்ஞ்ச பம்பால அது லேசில இறங்காது, ஈரம் உள்ளயே கிடக்கும். வெக்கியூமை நிப்பாட்டினாப் பிறகு முள்ளு திரும்ப ஏறினா ஓட்டை இருக்கு, அப்ப காஸை அடிக்கவே கூடாது.


மட்டக்களப்பு அக்வா:

நானா, என்ட டொயோட்டா அக்வா ஹைபிரிட்லயும் குளிர் குறைவு. வீட்டுக்குக் கிட்ட இருக்கிற ஒரு இடத்துல "ஒயிலும் சேர்த்துக் காஸ் அடிச்சாச் சரி" எண்டு சொன்னாங்க. இந்த இழையை வாசிச்சிட்டு நிப்பாட்டி வைச்சிருக்கன். ஹைபிரிட்டுக்கும் இதே முறைதானா?


சாய்ந்தமருது ஏசி வேலை:

நிப்பாட்டினது நல்ல வேலை. உங்கட கார்ல பெல்ட்டும் இல்ல, கிளச்சும் இல்ல. கொம்பிரசரே ஒரு மின் மோட்டர், பெரிய பற்றரியில ஓடுது. முதல் தலைமுறை அக்வாவில அது 144 வோல்ற். மோட்டரின்ட சுருள் காஸுக்கும் ஒயிலுக்கும் உள்ளயே நனைஞ்சுகொண்டு சுத்தும். அதனால அந்த ஒயில் மின்சாரம் கடத்தக் கூடாது. அதுக்கு எண்டு தனி ஒயில் இருக்கு, டென்சோவின்ட என்டி-11. பெல்ட் கார்களுக்குப் போடுற பேக் ஒயில் கொஞ்சம் கலந்தாலும் கரண்ட் கசியாமத் தடுக்கிற காப்புத் தடை விழுந்து, ஹைபிரிட் முறையே கோளாறு காட்டி நிக்கும். பேக் ஒயில் நிண்ட கேஜ் ஹோஸைக் கழுவாம உங்கட கார்ல பூட்டினாலும் ஆபத்து. ஓட்டை அடைக்கிற மருந்து எதையும் விட விடாதீங்க. பெரிய பற்றரியின்ட கரண்ட் ஓடுற செம்மஞ்சள் வயரை யாரும் தொடக் கூடாது, பயிற்சி எடுத்த ஆளைத் தவிர.

அவசரப்படவும் வேணாம், தள்ளிப்போடவும் வேணாம். ஹைபிரிட் பற்றரி குளிர்றது காருக்குள்ள இருக்கிற காத்தாலதான். பின் சீட் பக்கத்துல இருக்கிற துவாரத்தால அந்தக் காத்து உறிஞ்சப்படுது. உள்ளுக்குள்ள சூடா இருந்தா பற்றரியும் சூடாகும். அந்தத் துவாரத்துக்கு முன்னால பை, துணி ஒண்டும் வைக்காதீங்க, அதுக்குள்ள இருக்கிற தூசியையும் துப்பரவாக்குங்க. கண்டென்சரையும் ஃபில்டரையும் நீங்களே பாருங்க, அது எல்லாக் காருக்கும் ஒண்டுதான். அதுக்குப் பிறகும் குளிர் குறைஞ்சா, ஹைபிரிட்டுக்கு எண்டு தனி ஹோஸும் தனி ஒயிலும் வைச்சிருக்கிற இடத்தைக் கேட்டுப் போங்க. போத்தலை வாங்கி லேபிளை வாசிச்சுப் பார்த்த பிறகு வேலையைத் தொடங்கச் சொல்லுங்க.


மட்டக்களப்பு அக்வா:

துவாரத்தைத் திறந்து பார்த்தன் நானா, நாய்முடியும் தூசியும் அடைஞ்சு கிடந்திச்சு. துப்பரவாக்கிட்டன். ஃபில்டரும் நாளைக்கு மாத்திறன். குளிர் எப்படி இருக்கு எண்டு பார்த்துட்டு எழுதிறன்.